சின்னப் பக்கமே தாராளமுங்க

அவர் போய்ச் சேர்ந்த அன்றைக்குப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். "தங்கமான மனுஷனுங்க." நானும் அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். தலையை ஆட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தொடையைத் தட்டி, "உங்க ஊட்டம்மா கண்ணுக்காகக் காவடியே எடுத்த மனுஷனாச்சேங்க" என்றார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். இழவு வீட்டில் சண்டை போடக் கூடாது. ஆனால் வந்த கோபம் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. அதை எங்கேயாவது இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பேரை எழுத மாட்டேன். பேரன் பேத்திகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நான் தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிற முருகனுடைய பேர்களில் ஒன்றுதான் அவருக்கும். கோபத்தில் அந்தப் பேரை எழுதக் கை வரவில்லை.

எங்கள் ஊர் தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரம். எனக்கு இரண்டு ஏக்கர் வாழையும் கொஞ்சம் தக்காளியும். அவருக்கு மைக் செட், சீரியல் செட் தொழில். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர். 'ங்க' போடாமல் யாரிடமும் பேசியதில்லை. தெருநாய் குறுக்கே படுத்திருந்தால்கூட "அக்கட்டப் போங்க" என்பார். அதற்கு ஊரே சிரிக்கும். அவர் வாயில் இன்னொரு வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும். "இதே தாராளமுங்க."

ஒயர் பத்தவில்லையா, பழைய ஒயரை முறுக்கி, மேலே பால் கவரைச் சுற்றி, இதே தாராளமுங்க. எர்த் கம்பி இல்லையா, வேப்பமரத்து ஆணி, அதே தாராளமுங்க. ஒரு மாரியம்மன் நோம்பிக்கு மழை தூறியது. அவர் கட்டிய டியூப் லைட் கம்பத்தில் உரசிய கிடாய் ஒன்று அப்படியே விறைத்து விழுந்தது. கிடாய்க்காரர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு வந்தார். இவர் அவர் தோளில் கை போட்டார்.

"அது கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்தானுங்க? நீங்க நாளைத் தள்ளிட்டே போனீங்க. சாமி தானா வந்து எடுத்துக்கிச்சுங்க."

அழுதுகொண்டிருந்தவரே சிரித்துவிட்டார். கூட்டமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கம்பத்தைத் தொட்டிருந்தால் மனுஷன் செத்திருப்பான். அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. பழி அதுபாட்டுக்குக் கருப்பராயன் கோயிலுக்குப் போய்விட்டது.

அந்தப் பைனாகுலரை அவர் வாங்கியபோது நான் கூட இருந்தேன். கிணற்று மோட்டாருக்கு ஒரு பழைய ஸ்டார்ட்டர் தேடி உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போயிருந்தோம். கனமான கறுப்புப் பைனாகுலர். அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனை வந்தால் தூரத்திலேயே பார்த்துவிடலாம் என்றார். கடைக்கார பாய் அதைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, முன்பக்கத்துப் பெரிய கண்ணாடியின் வாயைக் காட்டினார்.

"இங்க மரை இருக்கு பாருங்க. கலர் கண்ணாடி எது போட்டாலும் இங்கதான் திருகணும். பெரிய பக்கம்."

"பெரிய பக்கத்துக்குப் பெரிய துண்டாயில்லீங்க வேணும்? கண்ணு வெக்கற பக்கம் குட்டியூண்டு. ஒரு துண்டு பேப்பர் இருந்தா ரண்டு கண்ணுக்கும் ஆச்சு. சின்னப் பக்கமே தாராளமுங்க."

"உங்க இஷ்டங்க. ஆனா எதுக்கும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிராதீங்க."

இது என் காதிலும் விழுந்தது. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பொய் சொல்ல மாட்டேன், அவருடைய சின்னப் பக்கத்து வேலை முதலில் நன்றாகத்தான் நடந்தது. நாடக மேடையில் போகஸ் லைட்டுக்கு முன்னால் கட்டுகிற கலர் ஜெலட்டின் பேப்பர் அவரிடம் கட்டுக்கட்டாக உண்டு. மஞ்சள் பேப்பரில் இரண்டு வட்டம் வெட்டி, கண் வைக்கிற பக்கத்தில் ஒட்டினார். விடிகாலைப் பனியில் வெறும் கண்ணுக்கு மலையடிவாரம் வெள்ளைத் துணி மாதிரி கிடக்கும். அந்த மஞ்சளில் பார்த்தால் மரம் தனி, பாறை தனி என்று பிரிந்து தெரியும். சாயங்காலம் தடுப்பணைத் தண்ணீர் கண்ணைக் கூசும். அதற்கு ஒரு பழைய கூலிங் கிளாஸை உடைத்து அதே இடத்தில் வைத்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஒரு இடத்தில் தண்ணீரின் மினுக்கம் செத்துப்போய், கரையில் நிற்கும் ஆனையின் கால் வரைக்கும் தெரிந்தது. ஊரே வரிசையில் நின்று பார்த்தது.

ஒரு ஐப்பசி விடியலில் என் மனைவி துளசி, வாழை இலை அறுக்கத் தோட்டத்துக்குள் இறங்கப் போனாள். பனி மூடிக் கிடந்தது. திடீரென்று அவர் வீட்டு மாடியிலிருந்து ஊர் முழுக்கக் கேட்கும்படி குழாய் ஒலிபெருக்கி அலறியது.

"துளசி அம்மணி, நில்லுங்க! இன்னொரு அடி எடுத்து வெக்காதீங்க! வாழைக்குள்ள ஒத்தை ஆனை நிக்குதுங்க! மெதுவா, அப்படியே பின்னால வாங்க!"

துளசி அரிவாளைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். பனி கலைந்ததும் பார்த்தோம். நாற்பது அடி தள்ளி நின்றிருக்கிறது. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உயிரைக் காத்தவர். அதனால்தான் துளசி அவரை நம்பினாள். கூடப் பிறந்த அண்ணனை நம்புகிற மாதிரி நம்பினாள்.

அதற்கு அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்ததோ, மார்கழியில் சூரிய கிரகணம் வந்தது. நடுவே இருட்டும் சுற்றிலும் நெருப்பு வளையமுமாக நம் கோயமுத்தூர்ப் பக்கம் தெரிந்ததே, அது. எங்கள் வீட்டில் கிரகணம் என்றால் கிரகணம்தான். அடுப்பு எரியாது. தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை போட்டாகிவிட்டது. துளசி சாமி ரூமில் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் வாசலில் நின்றேன்.

அவர் வெல்டிங் பட்டறையிலிருந்து உடைந்த வெல்டிங் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதை இரண்டு துண்டாக அறுத்து, கறுப்பு டேப்பால் பைனாகுலரில் ஒட்டியிருந்தார். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முதலில் அவரே பார்த்தார். "அடடா" என்றார். அப்புறம் எதிர்வீட்டுக்காரர். அப்புறம் பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பால்காரர், கேனைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். பார்த்தவர் சட்டென்று முகத்தை எடுத்தார்.

"ஏனுங்ணா, கண்ணாடி சுடுதுங்க."

"சூரியனைப் பார்த்தாச் சுடாம, ஐஸ் மாதிரி சில்லுன்னா இருக்கும்? போங்க, பால் கெட்டுப்போயிரும்."

எல்லாரும் சிரித்தோம். ஆமாம். சிரித்தோம் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

பிறகு அவர் என் வீட்டு வாசல்படியில் வந்து நின்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "அம்மணி! ஊட்டுக்குள்ள உக்காந்து படத்தையே எத்தனை நேரம் பார்ப்பீங்க? சாமி வானத்துல மோதிரம் மாட்டிட்டு நிக்குதுங்க. ஒரு தடவை வந்து பார்த்துப்போட்டுப் போங்க. இந்தக் கண்ணுக்கு இது இனிமேல் கெடைக்காதுங்க."

துளசி வாசல் நிலை வரைக்கும் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"போய்ப் பாரு. அண்ணன் கூப்பிடறாரில்ல" என்றேன்.

தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். "முருகா, எத்தனை அழகு" என்றாள். டிக்கென்று ஒரு சத்தம், பல்லில் கல் கடிபட்ட மாதிரி. அவ்வளவுதான். தலையைப் பின்னால் இழுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். வலதுபக்க வெல்டிங் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டுப் பாதி விழுந்திருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"வலியில்லீங்க மாமா. வெளிச்சம் அடிச்சுருச்சு."

"ஒண்ணுமில்லீங்க, கண்ணைக் கழுவுனாத் தாராளம்" என்றார் அவர்.

கிரகணம் விட்டதும் குளித்தாள். சாயங்காலம் விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டு அப்படியே நின்றாள். இடது கண்ணை முந்தானையால் மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "மாமா, இந்தக் கண்ணுல விளக்குத் தெரியுது, சுடர் தெரியலீங்க" என்றாள். பிறகு முருகன் படத்தைப் பார்த்தாள். மாலை தெரிகிறதாம், வேல் தெரிகிறதாம், மயில் தெரிகிறதாம். முகம் இருக்கிற இடத்தில் மட்டும் சாம்பல் பூசினாற்போல ஒரு வட்டம்.

கோயமுத்தூரில் கண் டாக்டர் அம்மா அவளை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்துக் கேட்டார். சொன்னேன். எழுந்துவிட்டார். "சின்னப் பக்கத்திலயா வெச்சீங்க?" என்று அவர் கேட்ட விதம் இன்னும் காதில் இருக்கிறது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பைனாகுலர் படம் போட்டுக் காட்டினார். பெரிய கண்ணாடி வெயிலை அள்ளிக் கூட்டிச் சின்னப் பக்கத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. அங்கே போய் எந்தக் கண்ணாடியை வைத்தாலும் அந்தச் சூட்டில் வெடிக்கும். உள்ளே நுழைகிறதற்கு முன்னாலேயே மறித்திருக்க வேண்டும், அதுவும் அதற்கென்று செய்த பில்டரால். எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. நான் தண்ணீர் பாய்ச்சுகிறவன். மடையில் அடைக்க வேண்டியதை வாய்க்கால் கடைசியில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினால் நிற்குமா?

அவருக்கு மட்டும் தெரியாதா? மேடை லைட்டில் கலர் பேப்பரைப் பல்பை ஒட்டிக் கட்டினால் சுருண்டு கருகிவிடும் என்று வேலைக்கு வருகிறவர்களைத் திட்டுகிறவரே அவர்தான்.

பார்வை கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டை மடித்து நிலப் பத்திரம் இருக்கிற பெட்டியில் வைத்தேன்.

அவர் இளநீரும் பழமும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. துளசியின் எதிரே உட்கார்ந்து சொன்னார்: "கிரகண நேரத்துல உங்களை வெளிய கூப்பிட்டிருக்கக் கூடாதுங்க அம்மணி. சாமி குத்தமாயிருச்சுங்க."

கிரகணத்தன்று காலையில் படத்தையே எத்தனை நேரம் பார்ப்பீங்க என்று கேலி பேசிய அதே வாய்!

துளசி தலையைக் குனிந்துகொண்டாள். "என் தப்புத்தானுங்ணா. தர்ப்பையெல்லாம் போட்டுவெச்சுட்டு ஆசைப்பட்டு வெளிய வந்துட்டேன். அதான் முகத்தை மறைச்சுட்டான்" என்றாள்.

தைப்பூசத்துக்கு அவர் அவள் கண்ணுக்காகக் காவடி எடுத்தார். மேளம் அடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் கூடப் போனது. துளசி செவ்வாய்க்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்க ஆரம்பித்தாள். தினமும் காலையில் விளக்கேற்றி, இடது கண்ணை முந்தானையால் மூடி, படத்தைப் பார்ப்பாள். "இன்னைக்கும் தெரியலீங்க" என்பாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வாள். திருட்டுப் பட்டம் கட்டப்பட்டவள் போலீஸ் ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போடப் போகிற மாதிரி, அவள் தன் சாமிக்கு முன்னால் போய் நின்றாள். முருகன் மேல் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. வாசலுக்கு வந்து தன்னைப் பார்த்து 'எத்தனை அழகு' என்று சொன்ன பெண்பிள்ளையின் கண்ணை எடுக்கிற சாமி இல்லை அவன். கண்ணாடியை மாற்றி ஒட்டியது மனுஷன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் துளசியிடம் வந்து, 'நான்தான் தப்புப் பக்கம் ஒட்டினேன், சாமி ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து ஒரு காலையில், ஆனை இறங்கியிருக்கிறதா என்று கேட்க அவர் மாடிக்கு ஏறினேன். பைனாகுலர் கைப்பிடிச் சுவர் மேல் இருந்தது. கையில் எடுத்தேன். மஞ்சள் பேப்பர் முன்பக்கம் ஒட்டியிருந்தது. பெரிய பக்கத்தில். அழகாக, பெரிய வட்டமாக வெட்டி.

"இது எப்பங்ணா பெரிய பக்கம் போச்சு?"

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"இருக்கட்டுமுங்க, உக்காருங்க. காப்பி கொண்டாரச் சொல்றேன்."

"காப்பி வேண்டாம். என் ஊட்டுக்கு வாங்க. துளசிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னாக் கண்ணு வந்துருமுங்களா?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தேன் மாதிரிதான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க. மனுஷன் மேல பழியப் போட்டா அம்மணிக்கு மனசு எரிஞ்சுட்டே இருக்குமுங்க. சாமி மேல போட்டாக் கும்புட்டுட்டுப் போயிரலாம். சாமி தாங்கிக்குமுங்க. என்னால தாங்க முடியாதுங்க."

பைனாகுலரைச் சுவர் மேல் வைத்தேன். எறியத்தான் கை போனது, ஏனோ வைத்துவிட்டேன். இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு அவரிடம் நான் பேசவில்லை. அவர் என்னைப் பார்த்தால் மட்டும் "நல்லா இருக்கறீங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தங்கமான மனுஷன் இல்லையா?

நீயே உன் மனைவியிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் வாயால் கேட்டால்தான் நம்புவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்குச் செவ்வாய் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் அவர் போய்விட்டார். துளசி அழுதாள். காரியம் முடிந்த மறுநாள் அவர் மருமகள் ஒரு துணிப்பையோடு வந்தாள். "அக்கா, மாமா கடைசியில இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்க" என்று துளசி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பைக்குள் அந்தப் பைனாகுலர்.

துளசி அதை மடியில் வைத்துத் தடவினாள். "கடைசி வரைக்கும் என்னை நெனச்சுட்டே இருந்திருக்காரு பாருங்க மாமா" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெட்டியைத் திறந்து டாக்டர் அம்மாவின் சீட்டை எடுத்து வந்து, பைனாகுலருக்குப் பக்கத்தில் விரித்தேன். பெரிய பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைக் காட்டினேன். சின்னப் பக்கத்தில் இன்னும் பிசுபிசுத்துக்கொண்டிருந்த பழைய டேப் கறையைக் காட்டினேன். மாடியில் அவர் சொன்னதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உக்கடத்தில் பாய் சொன்னதைச் சொன்னேன். பால்காரர் சுடுகிறது என்றபோது நானும் சிரித்ததைச் சொன்னேன். "போய்ப் பாருன்னு உன்னை அனுப்பிச்சதும் நான்தான்" என்றேன்.

துளசி சீட்டை வெகுநேரம் பார்த்தாள். இடது கண்ணால்தான் பார்த்திருப்பாள்.

"இது எத்தனை வருஷமா அந்தப் பெட்டியில இருக்குது?"

"அன்னைக்கிருந்து."

"நான் செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை தண்ணிகூடக் குடிக்காம நாக்கு ஒட்டிப்போய்க் கெடந்தப்ப, இது பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு?"

சீட்டை மடித்துப் பைனாகுலர் மேல் வைத்தாள்.

"அந்த மனுஷன் பழியச் சாமி தலையில தூக்கி வெச்சாரு. நீங்க, அவரு தூக்கி வெச்சதை எறக்காமப் பார்த்துட்டே நின்னீங்க. ரண்டு பேர்ல யாருங்க பெரிய ஆளு?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அவள் கேட்ட கேள்வியில் அப்படியே திரும்பி என் பக்கம் நின்றது. அவர் மேல் குறைந்ததா என்றால் குறையவில்லை. செத்தும் குறையவில்லை. ஆனால் அதில் பாதி என்னுடையது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியலில் எழுந்து குளித்து விளக்கேற்றினாள். வழக்கம்போல இடது கண்ணை முந்தானையால் மூடினாள். நான் கதவோரம் நின்றேன்.

"இன்னைக்கும் தெரியல" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் படத்தைப் பார்த்தாள். "நீ அங்கதான் இருக்கற. என் கண்ணுலதான் ஓட்டை. இத்தனை நாளும் உன்னையப் போய்ச் சந்தேகப்பட்டுப்போட்டேன், சாமி" என்றாள்.

பிறகு அடுப்படிக்குப் போனாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டது, பின்னாலேயே காப்பி மணம் வந்தது. அத்தனை வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டில் அந்த மணம் வந்ததே இல்லை. வெளியே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், ஆற்றி ஆற்றி, நிதானமாகக் குடித்தாள்.

ஒரு டம்ளர் காப்பிதான் போட்டிருந்தாள்.